மெமரிக்கு வைத்த பொட்டு

இருங்காட்டுக்கோட்டை அறையைக் காலி செய்துவிட்டு ஒரகடம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலைக்குப் போன அன்று காலையிலேயே காண்ட்ராக்ட் முடிந்தது என்று கம்பெனி லைனிலிருந்து சிலரை அனுப்பிவிட்டார்கள். நானும் அதில் ஒருவன். அறையில் இருந்தவர்கள் ஷிஃப்டுக்குப் போயிருந்ததால் சொல்லிக்கொள்ள ஆளில்லை. கண்டெய்னர் லாரி கடக்கும்போதெல்லாம் கண்ணை மூடி நின்றேன். புழுதி அடங்கியதும் மறுபடி நடந்தேன்.

சாயங்காலம் ஓர் எடை மேடையில் தண்ணீர் கேட்டு நின்றேன். லாரியை எடை போட்டுச் சீட்டு கொடுக்கும் இடம். சீட்டு இல்லாவிட்டால் கம்பெனி கேட்டுக்குள் லாரியை விடமாட்டார்கள். மேடைமேல் கம்பி ஏற்றிய லாரி ஒன்று நின்றது. அறைக்குள் ஓர் அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பெட்டி விட்டு விட்டுக் கத்தியது. திரையில் ஒன்றுமில்லை.

"குடத்துல கீது, மோந்து குடி" என்றார், திரும்பாமலே.

குடித்துவிட்டு, "அக்கா, அது மெமரி சத்தம்" என்றேன். கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்திருக்கிறேன். இந்தச் சத்தம் வந்தால் அங்கே முதலில் மெமரியைத்தான் கழற்றுவார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"பூஜைக்குத் தொடச்சி நிறுத்துனது. இன்னிக்கிதான் போட்டேன், கத்துது."

"தேங்காயை அது தலையிலயா உடைச்சிய?" என்றார் ஜன்னலில் சாய்ந்திருந்த லாரி டிரைவர். திருநெல்வேலிப் பேச்சு.

"சும்மா இருண்ணே. இன்னொரு தபா மிஷின் நின்னா வூட்டுக்குப் போயிடுன்னு ஓனர் சொல்லிக்கீறாரு. காலைல வராரு. எங்க வூட்ல சம்பளம் வாங்கறது நான் ஒருத்திதான்."

ஒயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பக்கத்து மூடியைத் திறந்தேன். உள்ளே விசிறிக்கு ஒரு பொட்டு. இரண்டு மெமரி பட்டைகளையும் கழற்றினேன். அடியில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பற்கள்மேலேயே சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார் அக்கா. எல்லாம் காய்ந்து இறுகியிருந்தது.

"லாரிக்கு வெளிய மட்டுமா வெக்கறாங்க? இஞ்சினுக்கும் வெக்கறாங்க இல்ல? ஒண்ணு வுடாம வெய்யின்னு ஓனர்தான் சொன்னாரு."

டிரைவர் இதற்குச் சிரிக்கவில்லை. "அதுவும் சரிதான். நான் டைனமோவுக்கும் வச்சிருக்கேன்."

அக்காவின் அழிரப்பரால் பற்களைத் தேய்த்தேன். ஒரு பட்டையை மட்டும் முதல் ஸ்லாட்டில் மாட்டி, கம்ப்யூட்டரைப் போட்டதும் கத்தியது. அதையே இரண்டாவதில் மாட்டினேன், திரை வந்தது. மற்றப் பட்டையும் இரண்டாவதில் வேலை செய்தது. பட்டைகளில் கோளாறு இல்லை. ஈரச் சந்தனத்தோடு மாட்டியதில் முதல் ஸ்லாட் அடைத்துக்கொண்டுவிட்டது.

டிரைவர் தன் பல் பிரஷ்ஷை எடுத்து வந்தார். "நான் வேற வாங்கிக்கிடுதேன், தேய்." தேய்த்தேன். ஸ்லாட்டிலிருந்து மஞ்சள் தூள் உதிர்ந்தது. மாட்டினால் மறுபடி கத்தியது.

"ஒரு சொட்டு டீசல் விட்டுப் பாப்பமா?"

"நீ உன் லாரிக்கு ஊத்துண்ணே!" என்றார் அக்கா.

கடைசியில் ஒரே பட்டையோடு மூடிவிட்டேன். முன்பு எட்டு ஜிபி காட்டிய இடத்தில் நாலு காட்டியது. எடை சரியாக வந்தது, சீட்டுத்தான் தூங்கித் தூங்கி வந்தது. டிரைவருக்குச் சீட்டு கிடைத்தபோது கம்பெனியில் சரக்கு இறக்கும் நேரம் முடிந்திருந்தது. லாரியை ஓரம் கட்டினார். நான் வெளியே பெஞ்சில் படுத்துக்கொண்டேன்.

காலையில் ஓனர் வந்து, ஒரு லாரியின் சீட்டு வரும்வரை நின்று பார்த்தார். "ஏன் இவ்ளோ ஸ்லோ?"

அக்கா மறைக்கவில்லை. "நான்தான் சார், மெமரிக்குப் பொட்டு வெச்சிட்டேன். ஒரு பக்கம் வேலை செய்யல. இந்தத் தம்பிதான் ஓட வெச்சிது."

ஓனர் என்னையும் என் பையையும் பார்த்தார். "வேலை இல்லையா? நீயே உக்காரு. ரிப்பேரும் பாத்துக்குவ, எடையும் போடுவ. ஒரு சம்பளம் போதும்."

அக்கா எழுந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அந்த நாற்காலியைப் பார்த்தேன். உட்கார்ந்து செய்யும் வேலை எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. மேலே மின்விசிறி வேறு.

"எனக்கு இதுக்குமேல தெரியாது சார். அடுத்த தடவை நின்னா என்னால ஆகாது. அக்காவே இருக்கட்டும்" என்றேன். பாதி உண்மை.

ஓனர் ஜன்னல் வழியாக வெளியே நின்ற லாரிகளைப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "நிக்கறியே, அடுத்த வண்டிய ஏத்து" என்றார். அக்கா உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவில்லை. லாரிகள் வரிசையில் நின்றன.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏலே, தேடி வந்த வேலையை வேண்டாம்னுட்டியாமே, கிறுக்குப்பயலே. என் கிளீனர் பூஜைக்கு ஊருக்குப் போனவன் வரல. வாறியா?"

"எதுவரைக்கும்?"

"கம்பிய இறக்கிட்டு ஓசூர். அப்புறம் கிடைக்கிற லோடு."

ஏறினேன். லாரி பின்னால் நகர்ந்து ரோட்டில் ஏறவேண்டும். தலையை வெளியே நீட்டி, வருகிற வண்டிகளைப் பார்த்து, கதவைத் தட்டி, "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுத்தேன்.