சுவரில் இழுத்த நீலக் கோடு

தன் காரின் விளக்கில் கோளாறு இருந்தே ஆக வேண்டும் என்று சாமியைக் கும்பிட்ட மனிதர் ஸ்ரீரங்கத்திலேயே மாத்ருபூதம் ஒருவராகத்தான் இருப்பார். மற்றவர்கள் வண்டி நன்றாக ஓட வேண்டும் என்று தேங்காய் உடைப்பார்கள். இவரோ வெள்ளிக்கிழமை மத்தியானம், மேலூர் ரோட்டில் தன் வீட்டுப் பக்கத்துச் சந்தில், காரின் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, கோணிச்சாக்கை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டு, "தாயுமானவா, கோளாறு இங்கயே இருக்கட்டும்ப்பா, வேற எங்கயும் வேணாம்" என்று முனகிக்கொண்டிருந்தார்.

அந்த "வேற எங்கயும்" எது என்பது அவருக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியம் இல்லை.

மாத்ருபூதம் ரயில் டிரைவர். கூட வேலை பார்க்கிறவர்களுக்குப் பூதம் சார். முப்பத்தைந்து வருஷ சர்வீஸ் முடிந்து, இன்னும் பதினாலு மாதம் பாக்கி. கடைசி நாளில் டிரைவர் ஓட்டிக்கொண்டு வரும் வண்டியை ஜங்ஷனில் கூட்டாளிகள் மாலையோடு எதிர்கொள்வார்கள். இஞ்சினுக்கு வாழைக்கன்று கட்டுவார்கள், வெடி போடுவார்கள், பெண்டாட்டி பிள்ளைகள் பிளாட்பாரத்தில் நின்று பார்ப்பார்கள். அந்த ஒரு நாளை மாத்ருபூதம் பத்து வருஷமாக மனசுக்குள் நடத்திப் பார்த்து வருகிறார். யார் எங்கே நிற்க வேண்டும் என்பது வரைக்கும் ஏற்பாடு முடிந்துவிட்டது. குறுக்கே ஒரே ஒரு தடைதான். இன்னும் பத்து நாளில் வருஷாந்திர மெடிக்கல். அதில் கண் தேறவில்லையென்றால் இஞ்சினை விட்டு இறக்கி ஏதாவதொரு ஆபீஸில் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிடுவார்கள். நாற்காலிக்கு யார் வாழைக்கன்று கட்டப்போகிறார்கள்?

பகலில் ஒரு குறையும் இல்லை. பேப்பரின் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடகடவென்று படிப்பார். பொழுது சாய்ந்தால்தான் வம்பு. விளக்குகளெல்லாம் உருகிப் பஞ்சு மிட்டாய் போல உப்பிக்கொள்ளும். விளக்குக்குப் பக்கத்தில் இருப்பது கரைந்துபோகும். களைப்பு, தூசி, பனி என்று ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு பெயர் வைத்துப் பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமை வைத்த பெயர் கார்.

அன்றைக்குத் தொட்டியத்தில் மச்சினி வீட்டுக் கிரகப்பிரவேசம். முடித்துக்கொண்டு காவேரிக் கரை ரோட்டில் திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. முன்னால் வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்விளக்கு இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மட்டுவார்குழலி அலறிய பிறகுதான் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றபோது வாழைத்தார்களின் நுனி பானட்டின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை விளக்கு எரிவதைப் பார்த்தார். ஹெட்லைட் படம் போட்ட விளக்கு. மாத்ருபூதத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"லைட்டு தரையப் பாக்குது குழலி. அதான் ரோடே தெரியல" என்றார்.

சொன்னது முழுப் பொய்யும் இல்லை. தில்லை நகர் டாக்டர் ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கிய அந்தக் காரில், முன்விளக்கைத் தானாகவே சமன் செய்யும் வசதி உண்டு. டிக்கியில் பாரம் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், முன்விளக்கு நிமிர்ந்து எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். அதைத் தடுக்க, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சென்சார் அமுக்கத்தை அளந்து சொல்லும். விளக்குக்குள் இருக்கும் குட்டி மோட்டார் அதற்கேற்ப வெளிச்சத்தை ஏற்றி இறக்கும். அதில்தான் ஏதோ கெட்டு, வெளிச்சம் தாழ்ந்துபோயிருந்தது.

மெக்கானிக் பாக்கியநாதனுக்குப் போன் போட்டதற்கு, "கொண்டாந்து விடுங்க சார், கம்ப்யூட்டர் மாட்டிப் பாத்துட்டா எல்லாம் தெரிஞ்சுடும்" என்றான். எல்லாம் தெரிந்துவிடும் என்பதுதான் பூதம் சாருக்குப் பயம். லைட் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவன் சொல்லிவிட்டால்? வேண்டாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

ஆக, லீவு நாளில் மண்ணில் புரண்டுகொண்டிருந்தார். காலையில் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார், நன்றாக இருந்தது. விளக்குக்குப் போகும் கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினார், மஞ்சள் விளக்கு அணையவில்லை. சாப்பிட்டுவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். சென்சாரையும் பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையையும் இணைக்கும் கம்பி சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அதன் ஒரு முனை, மண்ணும் துருவும் ஏறி இறுகி, குழியை விட்டுக் கழன்று தொங்கியது. கண்டதும் அழுகையே வந்துவிட்டது அவருக்கு. கோளாறு இருக்கிறது! உண்மையாகவே இருக்கிறது! பிரஷ்ஷால் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி, அமுக்கிப் பொருத்தினார். 'டிக்'கென்று உட்கார்ந்துகொண்டது.

மட்டுவார்குழலி காப்பியோடு வந்தாள். "ராத்திரிக்கும் பொன்னாங்கண்ணிக் கீரைதானா? இந்த வாரத்துல இது நாலாவது நாளுங்க."

"உடம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்க."

"கண்ணுக்கு நல்லதுன்னுதான் சொல்வாங்க" என்றாள். அவர் காப்பியை ஊதிக் குடித்தார்.

சந்தின் கோடியில் கல்யாண மண்டபத்துப் பின்சுவர். வெளிச்சம் இருக்கும்போதே விளக்கின் உயரத்தை டேப்பால் அளந்து, அதற்கு நாலு விரல் கீழே, சுவரில் நீலச் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். காரை இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தினார். வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் நின்றால் சரி. பொழுது சாய்ந்ததும் மனைவியைச் சுவரருகே நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

மோட்டார் முனகியது.

"கீழ எறங்குது" என்றாள் அவள்.

"கீழ எறங்குது" என்றார் இவர், வலது கையை உயர்த்தி.

"மேல வருது... கோட்டுல நின்னுடுச்சு."

"கோட்டுல நின்னுடுச்சு."

"இது என்ன ரயிலா, கையத் தூக்கிக்கிட்டு?" என்று அவள் சிரித்தாள்.

பழக்க தோஷம். இஞ்சினில் சிக்னல் தெரிந்ததும் ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும், கையை உயர்த்தி மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆனால் காதால் கேட்டுச் சொல்லக் கூடாது, தன் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இரண்டு பேர். கல்யாணமான புதிதில், பொன்மலைப் பாலத்தின் மேல் குழலியை நிற்க வைத்து இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இப்போது அவருடைய அசிஸ்டென்ட் லிசி, பாலக்கரைப் பெண். சில மாதங்களாக அவள்தான் முதலில் சொல்கிறாள், இவர் பின்னால் சொல்கிறார். சுறுசுறுப்பான பெண் என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டிருந்தார்.

மஞ்சள் விளக்கு அணைந்துவிட்டது. நினைத்த காரியம் கைகூடியவன் முகம் மலர வேண்டுமே, மலரவில்லை. மாத்ருபூதம் சுவரைப் பார்த்தார். ஒரு வெள்ளைப் புகை. விளிம்பும் தெரியவில்லை, கோடும் தெரியவில்லை. தொட்டியம் ரோட்டில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"சரியாகலடி. டிக்கில அரிசி மூட்டய வச்சுப் பாப்போம்."

இரண்டு மூட்டை பொன்னி அரிசியை அவரே தூக்கிப் போட்டார். வண்டி அமுங்கியது, மோட்டார் முனகியது, அவள் "எறங்குது, கோட்டுக்கு வந்துடுச்சு" என்றாள், அவர் கையை உயர்த்தி அதையே சொன்னார். பிறகு கெஞ்சும் குரலில், "நல்லாப் பாரு குழலி. மங்கலாத்தானே இருக்கு?" என்றார்.

சுவரருகே அவள் வெறும் நிழலாக, இவர் பக்கம் திரும்பி நின்றாள். அங்கிருந்தே சொன்னாள்: "ஏங்க. மேல போயிடுச்சு. கோட்டுக்கு ஒரு சாண் மேல."

மாத்ருபூதத்தின் கை சட்டென்று உயர்ந்தது. "மேல போயிடுச்சு! ஒரு சாண் மேல! பாத்தியா, நான் சொன்னேன்ல, இன்னும் கோளாறு இருக்குன்னு!" மோட்டார் முனகவேயில்லை என்பது கூட அவர் காதில் ஏறவில்லை. குரலில் அத்தனை சந்தோஷம்.

அவள் நடந்து வந்தாள். ஜன்னலில் கையை வைத்தாள்.

"போகலங்க. கோட்டுலயேதான் நிக்குது."

உயர்த்திய கையை அவர் கீழே இறக்கினார்.

"கோடு தெரியுதா உங்களுக்கு? உண்மையச் சொல்லுங்க."

"பதினாலு மாசம் குழலி" என்றார். "பதினாலே மாசம். முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு சிகப்பக்கூடத் தாண்டினதில்லடி நான். கண் டெஸ்ட் போர்டோட கடைசி வரிய மனப்பாடம் பண்ணிட்டேன், ஒப்பிக்கட்டுமா? எப்படியாச்சும் ஓட்டிடுவேன். அதான் லிசி இருக்கால்ல, அவ சொல்லுவா."

"நான்கூடத்தான் சொன்னேன்" என்றாள் குழலி. "தப்பாச் சொன்னேன். நீங்களும் சொன்னீங்க."

மாத்ருபூதம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். ஐம்பத்தெட்டு வயது ஆம்பிளை தெருவில் அழுகிறானே என்ற வெட்கம்கூட இல்லை. மறுநாள் விடியுமுன் நாலரைக்கு டூட்டி. விழுப்புரம் வரைக்கும் இருட்டும் பனியும். பின்னால் பதினெட்டுப் பெட்டி நிறைய ஜனங்கள் தூங்கிக்கொண்டு வருவார்கள். அவர்களில் ஒருத்தருக்காவது அவருடைய வாழைக்கன்றைப் பற்றி என்ன தெரியும்? தொட்டியம் ரோட்டில் அலறுவதற்குப் பக்கத்தில் குழலி இருந்தாள். ரயிலுக்கு அப்படிச் சட்டென்று நிற்கத் தெரியாது.

சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு டூட்டி ஆபீஸுக்குப் போன் செய்தார். நாளைக்கு வர முடியாது, சிக் லீவு எழுதிக்கொள்ளுங்கள் என்றார். என்னவென்று கேட்டார்கள். "கண்ணு" என்றார். அந்த ஒரு சொல்லைப் பதிந்துவிட்டால் பிறகு அழிக்க முடியாது என்பது போனின் இரண்டு முனையிலும் தெரியும்.

அடுத்து லிசிக்குப் போட்டார். விடியக்காலை வேறு டிரைவர் வருவார் என்று சொல்ல வேண்டுமே.

"லிசி, நாளைக்கு நான் வரலம்மா. கண்ணுல பிரச்சன. இனிமே வண்டி ஏறமாட்டேன்னு நெனைக்கிறேன்."

"அப்பாடா" என்றாள் லிசி.

அது அவளை அறியாமல் வந்த வார்த்தை. உடனே பதறி, "ஐயோ சார், சாரி சார், நான் அந்த அர்த்தத்துல சொல்லல" என்றாள். பிறகு போனிலேயே அழ ஆரம்பித்தாள்.

"எத்தன மாசமாம்மா?"

"நாலு மாசம் இருக்கும் சார். நீங்க முதல்ல சொல்றீங்களான்னு கொஞ்சம் பொறுத்துப் பாப்பேன். அப்புறம் நானே சொல்லிடுவேன். எங்க தப்பாச் சொல்லிடுவேனோன்னு ராத்திரி தூக்கமே வராது சார்."

"தப்பு என்னோடதும்மா. இனிமே யாருக்காகவும் பொறுக்காத" என்றார் மாத்ருபூதம். "தூங்கு. விடிஞ்சா டூட்டி."

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். குழலி அங்கே போய், நீலக் கோடு இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தார்; விரலும் தெரியவில்லை, கோடும் தெரியவில்லை. பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.