பாப்பா வந்த நேரம்

என் கணவர் பள்ளியில் பி.டி. ஆசிரியர். மாலையில் ஆலத்தியூர் பக்கத்துக் கால்பந்து அணிக்குக் கோச். அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் ஊரில் 'கோச்' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டால் அவர் பாதி ஆளாகிவிடுவார். அது எனக்குத் தெரியும்.

மகள் பிறக்கும்வரை, மேட்ச் பார்க்க வருகிறவர்கள் அவர் அணியை ஆடவைக்கும் விதத்தை வைத்துத்தான் அவரைத் திட்டினார்கள். "எல்லாரையும் பின்னாடி நிறுத்திட்டா கோல் யாரு சார் போடுறது, உங்க மாமனாரா?" என்பார்கள். அவரும் சிரிப்பார்.

அவள் பிறந்த பிறகு அணி தோற்றுக்கொண்டே வந்தது. திட்டோ நின்றுவிட்டது. நல்லதுதான் என்று நினைத்தேன். பால் வாங்கப் போன இடத்தில், ஓர் ஆட்டம் விடாமல் வருகிற பெரியவர் மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா என்ன நட்சத்திரம்மா?"

சொன்னேன்.

"ம். கோச்ச சொல்லி என்ன பண்றது? புள்ள வந்த நேரம் அப்புடி."

படித்தவள்தான் நான். சிரித்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, தூங்கும் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேச்சை அழித்துவிடலாம் என்றுதான் அடுத்த ஆட்டத்துக்கு அவளைத் தூக்கிப் போனேன். போயிருக்கக் கூடாதோ என்று இன்றும் தோன்றுகிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையோர மைதானம். இலைகளிலும் புருவங்களிலும் வெள்ளைப் புழுதி. இடைவேளையில் அவர் ஓர் ஆளை மாற்றினார். புதிதாக இறங்கியவன் கோல் போட்டான்.

யாரும் கத்தவில்லை. கூட்டம் மைதானத்தைப் பார்க்கவே இல்லை. அத்தனை வெள்ளை முகங்களும் என் மடிப் பக்கம் திரும்பின. ஒருவன் வந்து குழந்தையின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் பின்னால் இன்னொருவன். பிறகு வரிசையே நின்றது. அவள் அழவில்லை, ஒவ்வொருவரையும் இமைக்காமல் பார்த்தாள். ஆள் மாற்றியதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வீடு திரும்பும் வழியில் அவரும் பேசவில்லை.

அந்த ஒரு கோலில் ஜெயித்து அணி கோப்பைப் போட்டியின் அரையிறுதிக்குப் போனது; அது அரியலூரில். "பாப்பாவுக்குக் காய்ச்சல், நான் வரல" என்றேன். அவர் குனிந்து அவள் நெற்றியில் கை வைத்தார். சூடு இல்லை. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பைக்குகள் ஹாரன் சத்தமே இல்லாமல் வந்து வாசலில் நின்றன. தோற்றுவிட்டார்கள் என்று புரிந்தது. அவருக்கு என்ன ஆனதோ என்று குழந்தையோடு வெளியே ஓடினேன். சண்டை எதுவும் இல்லை. அணியின் பையன்களும் அந்தப் பெரியவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

"காய்ச்சல் விட்டுச்சாக்கா?" என்றான் ஒருவன்.

காய்ச்சல் என்று நான் என் கணவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"கோச் சொன்னாரு, பாப்பா வராததாலதான் போச்சுன்னு. அவரு மேல ஒரு குறையும் இல்லக்கா. அவருதான் எங்களுக்கு எப்பவும் கோச்."

"இனிமே எந்த மேட்சுக்கும் புள்ளைய வூட்ல விட்டுடாதம்மா" என்றார் பெரியவர்.

அவர்களுக்குப் பின்னால் என் கணவர் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். நான் குழந்தையை இறுக்கிப் பிடித்தேன். அவளோ அப்பாவைக் கண்டதும் சிரித்துக்கொண்டு தாவினாள்.