மருந்துத் தாங்கி கழுவிய வாய்க்கால்

அப்பா வயலுக்குப் பூச்சிமருந்தடித்து முடித்ததும், முதுகில் சுமந்த மருந்துத் தாங்கியை வாய்க்காலில் கழுவித் தருவது என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. வெண்ணுரை பொங்கிக்கொண்டு ஓடும் அழகுக்காகவே அந்த உத்தியோகத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதெல்லாம் எங்கே போகிறது என்று ஒருநாள் கேட்டேன். “கடலுக்குத்தான், வேற எங்க?” என்றார் அப்பா. எங்கள் ஊர் வங்காலையில் எல்லாமே கடைசியில் கடலுக்குத்தானே போகிறது, நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒவ்வொரு வருடமும் இயேசு பிறந்த நத்தாருக்கு, கடலோரக் களப்பில் பிடித்த இறாலோடு வருவார். அறுவடை முடிந்ததும் எங்கள் புது அரிசி அவர் வீட்டுக்குப் போகும். அந்த வருடம் இறாலும் வரவில்லை, மாமாவும் வரவில்லை. அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். இனி ஒரு மணி அரிசி அங்கே போகாது என்று சத்தியமே செய்துவிட்டார். பாவம் அம்மா, புருஷனுக்கும் தம்பிக்கும் நடுவில் கிடந்து தவித்தார். ஜனவரி வருடப்பிறப்பன்று அழுது அடம்பிடித்து அப்பாவை மாமா வீட்டுக்கு இழுத்துப் போனார்.

போனால், வேலியில் என் ஊதாச் செருப்பு தொங்குகிறது! போன மாதம் வாய்க்காலோடு போன ஒற்றைச் செருப்பு. அதற்காக நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

“ஐயோ, என்ர செருப்பு!”

“எங்க பிள்ளை விட்டனீ?” என்று மாமா கேட்டார்.

“வாய்க்கால்ல. அப்பான்ர மருந்துத் தாங்கி கழுவேக்க.”

மாமா அப்பாவைப் பார்த்தார். “அத்தான், இந்தமுறை களப்பில என்ர வலையில வந்ததெல்லாம் செத்த மீனும் உந்தச் செருப்பும்தான். வெறுங்கையோட நத்தாருக்கு எப்பிடி வாறது?”

அப்பா வேலியிலிருந்து செருப்பைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கோ செருப்புக் கிடைத்த சந்தோசப் புளுகம் தாங்கவில்லை.

அதன்பிறகு என் உத்தியோகம் பறிபோனது. தாங்கி கழுவிய தண்ணீரையும் அப்பா வயலுக்குள்ளேயே அடித்தார். மருந்தடித்தால் சில நாளுக்கு வரம்பில் தண்ணீர் வடியும் வக்கடையை மண் போட்டு அடைத்து, ஒரு சொட்டையும் வெளியே விடமாட்டார். அந்த மாசியில் மாமா வீட்டுக்குப் போன அரிசி மூட்டை வழக்கத்தைவிடப் பெரியது. அடுத்த நத்தாருக்கு இறால் வந்தது, பொடி இறால், அரை வாளிதான். அம்மா பாடிக்கொண்டே உரித்தார்.

ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மருந்தடிக்குமுன் ஒவ்வொரு தடவையும் அப்பா மாமாவுக்குப் போன் எடுப்பார். “தம்பி, நாளைக்கு அடிக்கட்டோ?” மாமா, “வலை போட்டுக் கிடக்கு, ரெண்டு நாள் பொறுங்கோ அத்தான்” என்றால் பேசாமல் பொறுப்பார். எங்கள் வயலுக்கு மருந்தடிக்க மீன் பிடிக்கிறவரிடம் கேட்பதா என்று எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வரும்.

அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. அந்தப் போனில் அவர் ஒவ்வொரு தடவையும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.