கழற்றி வைத்த கண்ணாடி

பரமட்டாவில் என் வீட்டுக்கு எதிரே இருந்த பப்பில் அவர் வாசல் காவலர். யாழ்ப்பாணத்து மனிதர், அடிபட்டு அடிபட்டு மூக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. குடிவெறியில் எவனாவது கையை ஓங்கினால், முதலில் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைப்பார். ஒருநாள் என் கண்முன்னே ஒருவன் உடைந்த போத்தலால் அவர் புருவத்தைக் கிழித்தான். இரத்தம் கண்ணை மறைக்க, அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கித் தெருவில் எறிந்தார்.

அந்தப் பப்பை விடியும்வரை திறந்துவைக்க அனுமதிப்பதா என்று முடிவெடுக்கக் கவுன்சில் கூட்டம் கூட்டியது. அயலவர்கள் நாங்கள் எதிர்த்தோம். பப் முதலாளி தன் பக்கம் பேச அந்தக் காவலரை அழைத்து வந்திருந்தார். மைக்குக்கு முன்னால் போனவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

வாசலில் அடிதடி நடப்பதுண்டா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். இல்லை என்றார். புருவத்துத் தையல்? படியில் விழுந்த காயமாம்.

வெளியே வந்ததும் அவரை மறித்தேன். "ஏன் அண்ணை பொய் சொன்னீங்கள்?"

"வாசலிலை அடிக்கிறவனை நான் வெளியிலை எறிவன், தம்பி. முதலாளி அடிச்சா நான்தான் வெளியிலை."

முதலாளியின் கார் தெருமுனையில் மறையும்வரை அவர் கண்ணாடியை எடுத்துப் போடவில்லை.