பிலோமினா அக்கா கொடுத்த லைன்

கிள்ளான் பாசாரில் மீன்காரர் பாறை மீனின் தலையை வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. செந்தூலில் பிலோமினா அக்காவின் எதிர் வீட்டில் இருக்கும், எல்லோரும் மக்சிக் (அத்தை) என்று கூப்பிடும் மலாய்க்கார அம்மா பேசினார். டெங்கி காய்ச்சல், ஐந்தே நாள், அக்கா போய்விட்டார் என்றார். "அக்கா, தல வேணுமா வேணாமா?" என்று மீன்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். பாவம், அவர்மேல் எரிந்து விழுந்தேன். அந்த மனுஷியைக் கொல்லும் வெறியோடு ஒருவன் வந்து, முடியாமல் போனான். கடைசியில் ஒரு கொசு முடித்துவிட்டது. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அடக்கத்தன்று தேவாலயத்தில் பேசியவர்கள் அவரைச் சாந்தமானவர், அதிர்ந்து பேசாதவர் என்றார்கள். கிள்ளானில் நம் கப்பல் சரக்கு அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த நீங்களெல்லாம் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். கணினிகளைக் கட்டி மேய்த்த அத்தனை வருஷத்தில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் நம்மில் யார்? பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதித் திரையில் ஒட்டிவைத்த மேலாளரின் கண்ணெதிரே அதைக் கிழித்து அவருடைய காப்பியிலேயே போட்டவர் அவர். சாந்தமாம்!

நான் அங்கே ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிப்பவள். என் கணவனாக இருந்தவன் என்னை அடிப்பான். பெல்ட்டால் அடிப்பான், ஹெல்மெட்டால் அடிப்பான். ஒருமுறை கதவிடுக்கில் என் கையைப் பிடித்து வைத்துக் கதவைச் சாத்தினான். அதன்பிறகுதான் மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு வாடகை அறைக்கு ஓடினேன். அவன் பின்னாலேயே வந்துவிடுவான் என்று அலுவலகத்துக்கும் விடுப்புப் போட்டிருந்தேன். ஆனால் அவன் வீடு வீடாக இணைய லைன் போடும் வேலையில் இருந்தவன். ஒரு லைனின் எண் கிடைத்தால் அது எந்த வீடு என்று கண்டுபிடிக்க வழி தெரிந்தவன். என் ஈமெயிலைத் தொடங்கிக் கொடுத்ததும் அவன்தான். அதன் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். உறுதிப்படுத்தும் எண்ணும் அவனுடைய போனுக்குத்தான் போகும். நான் எந்த லைனிலிருந்து அதைத் திறந்தாலும் அவன் பார்த்துவிடுவான். திறக்காமலும் இருக்க முடியவில்லை. கழுத்தை அறுப்பேன், பிள்ளையை எரிப்பேன் என்று அதற்குத்தான் எழுதிக்கொண்டிருந்தான். நான் படித்ததும் உள்ளே புகுந்து அழித்துவிடுவான். அதற்குள் பிரதி எடுத்துவிடுங்கள், வழக்குக்கு அதுதான் சாட்சி என்றார் வக்கீல். என் அறையில் போன் சிக்னல் கிடையாது. வீட்டுக்காரரின் வைபை மட்டும்தான்.

பிலோமினா அக்காவிடம் போய், நம் லைனை மறைத்து வேறு லைனாகக் காட்டும் வி.பி.என். சந்தா ஒன்று வாங்கப் போகிறேன் என்றேன். "மொதல்ல யாருக்குப் பயப்படுறேன்னு சொல்லு. பூட்ட அப்புறம் வாங்கலாம்" என்றார். சொன்னேன். கேட்டு முடித்ததும், சந்தா வாங்கும் வி.பி.என். எனக்கு ஆகாது என்றார். "அது எங்கியாச்சும் ஜெர்மனிலேருந்து வெளிய வரும். மெயில்காரன் சந்தேகப்பட்டு உறுதிப்படுத்த நம்பர் அனுப்புவான். யாரு போனுக்கு? அவன் போனுக்குலா! ஒனக்கு நம்ம ஊரு வீட்டு லைன் வேணும். அந்த வீட்டுல ஒரு பெட்டி வெப்போம். நீ எங்கேருந்து நொழஞ்சாலும் அந்தப் பெட்டி வழியாத்தான் வெளிய வருவ. பாக்குறவனுக்கு அந்த வீட்டு நம்பர்தான் தெரியும்."

"யாரு வீட்டுலக்கா?"

"என் வீட்டுல."

அதோடு பேச்சு முடிந்தது. நான் நன்றி சொன்னேன், வேறொன்றும் யோசிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையே செந்தூல் அடுக்குமாடியில் வைத்தோம். அலுவலகத்தில் கழித்துக்கட்டிய, சாப்பாட்டு டப்பா அளவுள்ள கணினி அது. இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு வி.பி.என். மென்பொருளைப் புதிதாக ஏற்றினார். பெட்டிக்கு ஒரு சாவி, என் போனுக்கு ஒரு சாவி, மூன்றாவது சாவி கிடையாது என்றார். மோடத்தில் ஒரே ஒரு வழியைத் திறந்துவிட்டு மற்றதையெல்லாம் அடைத்தார். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். என் போனில் இணையம் பெட்டியைத் தாண்டி நேராகவே தொடர்ந்து ஓடியது. கெட்ட வார்த்தை சொல்லி, போனை வாங்கி எதையோ மாற்றி, மறுபடி பிடுங்கினார். இணையம் நின்றது. இன்னும் நான்கைந்து தடவை பிடுங்கிப் பார்த்தார். "இது செத்தா ஒன் போனும் செத்துடணும். அப்பதான் நீ உயிரோட இருப்ப" என்றார்.

இரண்டு மாதம் ஒரு மிரட்டலையும் நான் தவறவிடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் போனில் இணையம் நின்றது. எரிச்சலோடு தெருமுனைக்கு நடந்து, சிக்னல் பிடித்து அவரைக் கூப்பிட்டேன்.

"லைன் போச்சுக்கா!"

"போகட்டும்லா. நாளைக்குப் பாப்போம்."

"சுவிட்ச மட்டும் ஒரு தடவ தட்டி விடுங்கக்கா."

"கை வேலையா இருக்குது" என்று வைத்துவிட்டார். சோம்பேறித்தனம் என்று வாய்விட்டுத் திட்டினேன். நான் திட்டிய நேரத்தில் அந்தக் கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

நடந்ததை மக்சிக்தான் பிறகு சொன்னார். அவன் லைன் பழுதுபார்க்க வந்தவனாகச் சீருடையோடு வந்திருக்கிறான். அக்கா தேவாலயத்தில் மாலைப் பூசைக்குப் போக, வாசலுக்குப் பக்கத்தில் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மரக்கதவு திறந்திருந்தது, இரும்புக் கிரில் பூட்டியிருந்தது. நான் காட்டிய படத்தில் பார்த்த முகம் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. கதவைச் சாத்தப் போகவில்லை. இஸ்திரிப் பெட்டி ஒரு கையில் இருக்க, குனிந்து மறு கையால் வி.பி.என். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு கதவுக்குக் கையை நீட்டியபோது அவன் கிரிலுக்குள் கைவிட்டு அவருடைய இடது கையைப் பிடித்து இழுத்துவிட்டான். "அவ எங்க?" என்று கேட்டான். பதில் வராதபோதெல்லாம் லைன் வேலைக்கு வைத்திருந்த குறடால் ஒரு விரலை நெரித்தான். இரண்டு விரல் உடையும்வரை அவர் கத்தவில்லை என்கிறார், போலீசுக்குப் போன் செய்துகொண்டே தன் வாசலிலிருந்து பார்த்த மக்சிக். மூன்றாவது விரலுக்கு அவன் வந்தபோது, வலது கையில் இருந்த இஸ்திரிப் பெட்டியை அவன் மணிக்கட்டில் வைத்து அழுத்தினார். கத்தியது அவன்தான். மாடி முழுக்க ஆட்கள் வெளியே வந்து, படிக்கட்டில் வைத்து அவனைப் பிடித்து, போலீஸ் வரும்வரை மொத்தினார்கள். நான் போனில் கூப்பிட்டது அந்தச் சந்தடியில்தான். அவனை மொத்தியதில் எனக்கு இன்றுவரை துளி வருத்தம் கிடையாது.

மருத்துவமனையில் அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்து அழுதேன். அழுகை நின்றதும் சண்டை பிடித்தேன்.

"பிளக்க ஏன்க்கா புடுங்குனீங்க? கதவச் சாத்தியிருக்கலாம்ல?"

"ஓடுற பெட்டியில நீ எங்கேருந்து வர்றேன்னு நம்பர் இருக்கும். புடுங்குனா மறந்துடும்."

"அவன் ஒங்க வீட்டுக்கு வருவான்னு தெரியுமா?"

"நீ என்னா நெனச்ச? அந்த நம்பர் வானத்துல தொங்குதுன்னா? அது என் வீட்டு வாசல்லா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா வெக்க விட்டிருப்பியா?"

 அவன் மணிக்கட்டில் விழுந்த தழும்பும், நான் எடுத்துவைத்த பிரதிகளும் அவனை உள்ளே தள்ளின. அக்காவின் இரண்டு விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை. அந்தக் கையோடுதான் திங்கட்கிழமைகளில் நம்மையெல்லாம் கணினி முன்னால் உட்காரவைத்துத் திட்டினார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததாக உங்களிடம் சொன்னது பொய். என்னை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காகச் சொன்ன பொய் அது.

அவரிடமிருந்து எனக்குத் தைரியம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. வாசலில் அறிமுகமில்லாத குரல் கேட்டால் இன்றும் விளக்கை அணைத்துவிட்டு ஆள் இல்லாததுபோல் உட்கார்ந்துவிடுகிறேன். அவர் செய்தது எப்படிப்பட்டது என்பது மட்டும் என்னிடம் தங்கியிருக்கிறது. அது எவ்வளவு கனம் என்று சென்ற வாரம்தான் தெரிந்தது. வக்கீல் அனுப்பி, சுங்கை பூலோவிலிருந்து ஒரு பெண் என் வீட்டுக்கு வந்திருந்தாள். கழுத்தில் விரல் தடங்கள் இருந்தன. அவள் கதையும் ஏறக்குறைய என் கதைதான். கடையில் வாங்கிவைத்த சின்னக் கணினியை மோடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அக்கா என்னிடம் மறைத்ததை நான் இவளிடம் மறைக்கக் கூடாது என்று தோன்றியது. "இது என் பேருல இருக்கிற லைன். அவன் தேடுனா இந்த வாசலுக்குத்தான் வருவான்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்க்கா, வேணாம்" என்று அழுதாள். என் மகளும் அறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிடியிலிருந்து கையை விடுவித்து, வாசல் கிரில் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். கணினியின் சுவிட்சைப் போட்டேன்.