மெழுகுப் பலகை இருந்த அறை

இதைச் சொன்னபோது இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் குடிப்பதில்லை. அன்று எனக்குக் காய்ச்சலும் இல்லை. போன நவம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இது நடந்தது. நேரம்கூட நினைவிருக்கிறது, ஏனென்றால் பஸ்ஸைத் தவறவிடக்கூடாது என்று அடிக்கடி மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ஸ்ரனிஸ்லாஸ். ஜெர்மனியில், ஆஹென் நகரில் இருக்கிறேன். என் மனைவி பிறின்சி இறந்து அப்போது ஏழு மாதம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வேலை நாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிறு மட்டும் நகராது. ஒரு தேத்தண்ணீர் போட்டுவிட்டு அது ஆறும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறின்சியின் சிநேகிதி கொறற்றி, பக்கத்து மலையூர் ஒன்றில் இருக்கும் மியூசியத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். அவள்தான் இலவச ரிக்கெற் ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள்.

“வீட்டுக்குள்ளயே கிடக்காதேங்கோ அண்ணை. ஒருக்காப் போய்ப் பாருங்கோ.”

“அங்க என்ன கிடக்கு?”

“அது பழைய கன்னியர்மடம். இப்ப பாஸ்க் எண்டொரு சனத்தின்ர பழஞ்சாமான்கள், படங்கள் எல்லாம் ஸ்பெயினில இருந்து வந்திருக்கு. ஆறுதலாப் பாக்கலாம்.”

போனேன். 3.50க்கு உள்ளே நுழைந்தேன். கவுண்டரில் ஒரு ஜெர்மன் பெண். ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவோம் என்றாள். வேறு பார்வையாளர் யாருமில்லை.

நடுவில் முற்றம். அதைச் சுற்றி நாலு பக்கமும் நீண்ட விறாந்தை. கன்னியாஸ்திரிகள் படுத்த சிறிய அறைகளில்தான் பொருட்களை வைத்திருந்தார்கள். ஆள் நடந்தால் விறாந்தை விளக்கு எரியும். கடந்துபோனதும் பின்னால் அணைந்துவிடும். டிக்… டிக்… என்று சத்தம் கேட்கும்.

திமிங்கிலம் குத்தும் ஈட்டிகளைப் பார்த்தேன். வட்டமாகச் செதுக்கிய கல்லறைக் கற்களைப் பார்த்தேன். 4.20க்குக் கடைசி மூலையறைக்கு வந்தேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மரப்பலகை. முழங்கை நீளம் இருக்கும். அதைச் சுற்றி மெல்லிய மஞ்சள் மெழுகுதிரியைக் கயிறுபோலச் சுற்றியிருந்தார்கள். பக்கத்தில் விளக்கம் எழுதியிருந்தது. பாஸ்க் ஊர்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் கிறிஸ்தவக் கோயில் தரையில் ஓர் இடம் உண்டாம். வீட்டுப் பெண் அங்கே முழந்தாளிட்டு, தன் வீட்டில் இறந்தவர்களுக்காக இந்தத் திரியைக் கொளுத்துவாளாம். அவர்கள் இருட்டில் கிடக்கக்கூடாது என்பதற்காக.

பெட்டிக்கு அப்பால் அப்படி ஒரு பெண்ணின் பொம்மை. கறுப்பு உடுப்பு, கறுப்பு முக்காடு. தரையில் விரித்த கறுப்புத் துணிமேல், எனக்கு முதுகு காட்டி முழந்தாளிட்டிருந்தது. நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அங்கேயே நின்றுவிட்டேன். அடக்கத்துக்குப் பிறகு நான் அவள் கல்லறை இருக்கும் சேமக்காலைக்குப் போகவில்லை. பிறின்சிக்கு ஒரு மெழுகுதிரிகூடக் கொளுத்தவில்லை. கோபம். கடவுளோடா, அவளோடா, தெரியாது.

யாருமில்லைத்தானே என்று வாய்விட்டே சொன்னேன்.

“என்ர வீட்டில கொளுத்த ஆளில்லை.”

அதைச் சொல்லியிருக்கக்கூடாது.

4.32. மூலையறைக்கு உள்ளே இருந்த சிறிய அறையில் ஓவியங்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ மணத்தது. அப்போதுதான் ஊதி அணைத்த திரியின் புகை. பிறகு ஒரு சத்தம். சர்ர்ர்… கல்தரையில் துணி இழுபடுவதுபோல.

அந்த ஓவிய அறைக்கு வேறு வாசல் இல்லை. மூலையறை வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

4.41. பொம்மை இப்போது நான் நின்ற வாசலைப் பார்த்தபடி முழந்தாளிட்டிருந்தது.

முகம் தெரியவில்லை. முக்காடு தாழ இழுத்திருந்தது. முதலில் நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பக்கவாட்டாக நகர்ந்து, சுவரோடு ஒட்டியபடி விறாந்தைக்கு வந்தேன்.

நடந்தேன். என் தலைக்குமேல் விளக்கு எரிந்தது. பின்னால் அணைந்தது. டிக்…

பத்து அடி போயிருப்பேன்.

டிக்.

பின்னால் அணைந்த விளக்கு திரும்ப எரிந்தது.

நின்றேன். திரும்பிப் பார்த்தேன். விறாந்தை வெறுமை. மூலையறைக்குள் கறுப்புத் துணி மட்டும் தரையில் கிடந்தது.

அதன்மேல் யாருமில்லை.

டிக்… இன்னொரு விளக்கு. கிட்ட.

சர்ர்ர்…

டிக்.

என் பிடரியில் சூடாக ஒரு மூச்சு.

ஓடினேன்.

4.48க்கு வாசலைத் தாண்டினேன். கவுண்டர்ப் பெண் என்னவோ கேட்டாள். நிற்காமல் போனேன். பஸ் தரிப்பிடத்தில் நின்று போனை எடுத்தேன். அழைத்துச் சொல்ல ஒருவர்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை கொறற்றி எனக்குப் போன் எடுத்தாள். நான் முதலில் பொம்மையைப் பற்றித்தான் கேட்டேன்.

“என்ன பொம்மை? அந்த மியூசியத்தில பொம்மை ஒண்டும் இல்லை அண்ணை. தரையில துணியும் இல்லை. நான்தானே கூட்டித் துடைக்கிறனான்.”

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவளே திரும்பக் கேட்டாள்.

“அண்ணை, ஞாயிற்றுக்கிழமை ஆரையும் கூட்டிக்கொண்டு போனனீங்களோ?”

“இல்லை. தனியத்தான். ஏன்?”

“வாசல்ல ஆக்களை எண்ணுற மெஷின் ஒண்டு இருக்கு. அது பிழைச்சுப்போச்செண்டு இண்டைக்கு இஞ்ச ஒரே கதை.” குரலைத் தாழ்த்தினாள். “அண்டைக்கு மூண்டரைக்குப் பிறகு உள்ளுக்கு வந்தது ஒராள். நாலு நாப்பத்தெட்டுக்கு வெளியில போனது ரெண்டு பேர்.”