பக்கத்து வீட்டு டிவி

பொழிச்சலூரில் திரிபுரசுந்தரிக்குத் தெரியாத வீடு கிடையாது. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். கணவர் போனபின் தனியாக இருந்தாள்; பேச ஆள் கிடைத்தால் லேசில் விடமாட்டாள். பக்கத்து வீட்டு சூர்யநாராயணனும் ஸ்ரீவித்யாவும் ஊருக்குப் போனால் சாவி அவளிடம்தான் இருக்கும். 2004 பொங்கலுக்கும் கொடுத்துவிட்டு மாயவரம் கிளம்பினார்கள்.

மறுநாள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மஞ்சள் கொத்தும் கரும்பும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். கரும்பைத் தூக்க ஓர் இளைஞன் கைகொடுத்தான். நல்ல பையனாகத் தெரிந்தான். பஸ் வரும்வரை பேசிக்கொண்டிருந்தாள். தன் பெயர், தெரு, பக்கத்து வீட்டுக்காரர் பெயர், அவர்கள் ஊரில் இல்லாததால் சாவி தன்னிடம் இருப்பது, துளசிக்குத் தான் தண்ணீர் ஊற்றுவது என்று எல்லாமே பேச்சில் வந்துவிட்டன.

போகிக்கு முந்தைய நாள் வேறு இருவர் வேனில் வந்தார்கள். "சூர்யநாராயணன் சார் பொங்கல் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்ல புது டிவி புக் பண்ணியிருக்காரு. பழசை எடுத்துக்கச் சொன்னாரு. சாவி திரிபுரசுந்தரி டீச்சர்கிட்ட இருக்குன்னாரு."

தன் பெயரையே சொன்னபின் அவளுக்கு என்ன சந்தேகம் வரும்? ஒரு போன் போட்டுக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. கதவைத் திறந்துவிட்டாள். டிவியில் கீறல் விழக்கூடாதே என்று தன் போர்வையைக் கொடுத்துச் சுற்றவும் சொன்னாள்.

ஊரிலிருந்து திரும்பிய சூர்யநாராயணன், "நான் யாரையும் அனுப்பலையே மாமி" என்றார்.

ஸ்டேஷனில் ஏட்டு கேட்டார். "உங்க பேரு, சாவி விஷயம்லாம் அவனுங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

சந்தை நினைவுக்கு வந்தது. "தெரியலை சார்."

"வீட்டு வேலைக்கு யாரு வராங்க?"

இரண்டு வீட்டிலும் கிளியம்மாள்தான் பாத்திரம் தேய்த்தாள். அவளை இரண்டு முறை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ஸ்ரீவித்யா வேலையை விட்டு நிறுத்தினாள். "உங்களைச் சொல்லி என்ன மாமி, கூட இருந்துண்டே தகவல் சொல்லியிருக்கா" என்று திரிபுரசுந்தரியைத் தேற்றவும் செய்தாள். அந்த ஆறுதல்தான் தாங்க முடியாததாக இருந்தது. திரிபுரசுந்தரி வீட்டுக்கும் கிளியம்மாள் வருவதை நிறுத்திவிட்டாள்.

கடைசியில் பக்கத்து வீட்டுக்குப் போய், சந்தையில் பேசியதைச் சொல்லிவிட்டாள். சூர்யநாராயணன், "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அவரையே கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கும் போய்ச் சொன்னாள்.

அங்கிருந்து தனியாகப் பம்மலுக்குப் போனாள். கிளியம்மாள் தெருக்குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என் வாயாலதான் போச்சு கிளியம்மா. ஸ்டேஷன்ல சொல்லிட்டேன். நாளைக்கு வேலைக்கு வந்துடு."

கிளியம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். "நீங்க ஏமாந்தது தப்பு இல்ல மாமி. என்னை ரெண்டு வாட்டி டேசன்ல குந்த வெச்சாங்க. அப்பகூட தெரிஞ்சுகினே கம்முனு இருந்தீங்க."

"தப்புதான்."

"வேற வூடு பாத்துகினேன். நீங்க போங்க."

டிவி கிடைக்கவே இல்லை. ஸ்ரீவித்யா ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் கிளியம்மாள் அந்தத் தெருப் பக்கம் வரவில்லை. வேறு ஆள் வைத்துக்கொள்ளப் பலர் சொல்லியும் திரிபுரசுந்தரி வைக்கவில்லை. தன் பாத்திரங்களைத் தானே தேய்த்துக்கொண்டாள்.